அம்மாட கழுத்துக் கழலை அஞ்சு கிழமையில பெருத்திட்டு, ரிப்போட்ல அனாபிளாஸ்டிக் எண்டு வந்திரிக்கு, தெரிஞ்சாக்கள் சொல்லுங்க

வாவிக்கரை, களுவாஞ்சிகுடி

எல்லாருக்கும் வணக்கம். இதுல நான் முந்தி ஒருக்காலும் எழுதினதில்ல, மத்தாக்கள் எழுதுறத வாசிச்சித்துப் போறது மட்டுந்தான். இண்டைக்கு வேற வழி தெரியாம எழுதுறன்.

அம்மாக்கு 68 வயசு. என்ட கடைசித் தம்பி பொறந்த காலத்துல இருந்து கழுத்துல ஒரு கழலை, தம்பிக்கு இப்ப 29. தேசிக்காய் அளவுதான், நோவு இல்ல, ஒண்டுமில்ல, தாலிக்கொடி அதுக்கு மேலால வளைஞ்சி கிடக்கும். ரெண்டு மூண்டு தரம் ரத்தம் சோதிச்சிப் பாத்து தைரொயிட் நோமல் எண்டு சொன்னாங்க, நாங்களும் அதோட விட்டுட்டம்.

மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய்த்து வந்த கிழமைதான் சட்டைக் கழுத்து இறுக்குது எண்டு முதல்ல சொன்னா. அதுக்குப் பொறகு கொரல் கம்மினது, கோயில்ல சனத்துக்குள்ள நிண்டு கத்திக் கதைச்சதுல வந்த தடிமன் எண்டு நினைச்சி கொத்தமல்லி அவிச்சிக் குடுத்தம். ரெண்டு கிழமையால பாத்தா கழலை ஒரு பக்கமா பெருத்து, தொட்டா கல்லு மாதிரி, முந்தி விழுங்கக்குள்ள மேலயும் கீழயும் அசையிறது இப்ப அசையவே இல்ல. சோறு விழுங்க ஏலாது, கஞ்சிதான், அதுவும் செருமிச் செருமி. காதுக்குப் பின்னால நோவுது எண்டும் சொல்றா. முதல்ல காட்டின இடத்துல பழைய கழலைதானே, மூண்டு மாசத்தால ஸ்கான் எடுத்துக் கொண்டு வாங்க எண்டு துண்டு தந்து அனுப்பித்தாங்க. எனக்கு மனசு கேக்கல்ல, வேற ஒரு சேர்ஜன்ட்ட கொண்டு போனன், அவர் பாத்த உடனே ஊசி குத்தி எடுத்தாரு. ரிப்போட் நேத்து வந்திச்சி. அனாபிளாஸ்டிக் கார்சினோமா எண்ட தைரொயிட் கான்சரா இருக்கலாம், பயொப்சி, அதாவது துண்டு எடுத்துச் சோதிச்சி, உறுதிப்படுத்தணும் எண்டு எழுதியிரிக்கு. திங்கக்கிழமை சி.டி. எடுக்கச் சொல்லியிரிக்கு.

எங்கட சொந்தத்துல ஒரு பெரியம்மாக்கு தைரொயிட் கான்சர் வந்து, கழட்டி எடுத்து, அயடின் மருந்து குடுத்து, இப்ப 14 வருசமா நல்லா இரிக்கா. அதே மாதிரி அம்மாக்கும் அயடின் குடுக்க ஏலாதா? பக்கத்து வீட்டாக்கள் வெல்லாவெளிப் பக்கம் ஒராள் எண்ணெய் போட்டு உருவி கழலையக் கரைப்பார் எண்டு சொல்லித்தே இரிக்காங்க, அப்பாக்கும் அதுல கொஞ்சம் நம்பிக்கை. தம்பி அம்மாட்ட கான்சர் எண்டு சொல்லவே கூடாது எண்டு நிக்கிறான். எனக்கு என்ன செய்யிறதெண்டு விளங்கல்ல. தெரிஞ்சாக்கள் யாராவது சொல்லுங்க, உண்மையாவே சொல்லுங்க.

கல்லடி மிஸ்ஸி

மகள், நான் 31 வருசம் வார்ட்ல நேர்சா நிண்டவ, இப்ப பென்சன். மத்த எல்லாம் பொறகு, முதல்ல இதச் சொல்றன்.

அந்தக் கழுத்துல ஒருத்தரையும் கை வைக்க விடாதீங்க. எண்ணெயும் வேணாம், உருவுறதும் வேணாம், சுடு ஒத்தடமும் வேணாம். உள்ளுக்க மூச்சுக்குழாய் ஏற்கனவே நெரிபட்டு இரிக்கும், அழுத்தினா வீங்கி இன்னும் அடைக்கும், கழலைக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் அப்பிடித்தான். அப்பாவ இருத்தி வச்சி இத அவருக்கு விளங்கப்படுத்துங்க.

ராவைக்கு அம்மா நித்திரை கொள்ளக்குள்ள பக்கத்துல இருந்து காது குடுத்துக் கேளுங்க. மூச்ச உள்ளுக்க இழுக்கக்குள்ள விசில் அடிக்கிற மாதிரி, இல்லாட்டி வாசல் கதவு கிறீச்சிடுற மாதிரி ஒரு சத்தம் வருதா? வந்தா திங்கக்கிழமை சி.டி. வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது, அந்த நேரமே 1990க்கு அடிச்சி சுவசெரிய அம்புலன்ஸ்ல ஏத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். களுவாஞ்சிகுடியில இருந்து எண்டா முதல்ல கிட்டத்துல இரிக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவாங்க, அதுல ஒண்டும் பிழையில்ல, அங்க ஒக்சிசன் குடுத்து அனுப்புவாங்க. உதடு நீலம் பாயிற, கதைக்க ஏலாம அந்தரப்படுற, ரெண்டு தோளும் ஏறி இறங்கிற, இதுகள் வாற வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்காதீங்க.

படுக்க வைக்கக்குள்ள ரெண்டு மூண்டு தலையணி குடுத்து முதுக நிமித்தி வைங்க. கஞ்சிய தண்ணி மாதிரி குடுக்காதீங்க, கொரல் கம்மியிரிக்கெண்டா குரல்நாண் ஒரு பக்கம் அசையாம நிக்கும், அப்பிடி இருந்தா தண்ணிச் சாப்பாடு நெஞ்சுக்குள்ள இறங்கிச் செருமும், நியூமோனியாவும் பிடிக்கும். கூழ் பதத்துக்குத் தடிப்பாக் காய்ச்சி, நிமிந்து இருக்க வச்சி, நாடியக் கொஞ்சம் கீழ குனிஞ்சிக்கிட்டு சின்னச் சின்ன வாயா விழுங்கச் சொல்லுங்க.

ஃபாமசியில நீங்களாப் போய் ஸ்டீரொயிட் குளிசை வாங்கிக் குடுக்கவும் வேணாம். வீக்கம் ரெண்டு நாளைக்கு இறங்கின மாதிரி தெரியும். ஆனா பயொப்சிக்கு முந்தி அதக் குடுத்தா சில வருத்தத்த சரியாக் கண்டுபிடிக்க ஏலாமப் போயிரும். டொக்டர் யோசிச்சிக் குடுத்தா அது வேற.

காதுமூக்குத்தொண்டைத் தம்பி, மட்டக்களப்பு

அக்கா, நான் ஈ.என்.டி. வார்ட்ல வேலை செய்யிற டொக்டர், கன்சல்டன்ட் இல்ல. அம்மாவ நான் பாக்கல்ல, அதனால இது பொதுவான விளக்கம் மட்டுந்தான், உங்கட சேர்ஜன் சொல்றதுதான் முடிவு. உண்மையச் சொல்லச் சொன்னபடியா மறைக்காம எழுதுறன்.

தைரொயிட் கான்சர் எண்டா எல்லாம் ஒரே சாமான் இல்ல. உங்கட பெரியம்மாக்கு வந்தது அநேகமா பபில்லரி வகை, இல்லாட்டி ஃபொலிகுலர். எங்கட நாட்டுல பொம்புளையளுக்கு மார்புப் புற்றுநோய்க்கு அடுத்தபடியா கூடுதலாக் காணுறதே தைரொயிட் கான்சர்தான், அதுல பெரும்பாலான ஆக்களுக்கு இருக்கிறது இந்த பபில்லரி, அது மெதுவா வளரும், கழட்டி எடுத்து அயடின் குடுத்தா அநேகம் பேர் முழுசா நல்லா வந்திருவாங்க. அனாபிளாஸ்டிக் எண்டது நூறு தைரொயிட் கான்சர்ல ஒண்டு ரெண்டு. அவ்வளவு குறைவா இருந்தும் தைரொயிட் கான்சரால சாகிறாக்கள்ள பெரிய பங்கு இதாலதான்.

அயடின் ஏன் குடுக்க ஏலாதெண்டு கேட்டீங்க. சாதாரண தைரொயிட் செல் அயடின இழுத்து எடுக்கும், பபில்லரி கான்சர் செல்லும் கொஞ்சம் அப்பிடித்தான், அதனாலதான் கதிர் ஏத்தின அயடின விழுங்கினா அது தேடிப் போய் அந்தச் செல்லுக்குள்ள பூந்து அழிக்குது. அனாபிளாஸ்டிக் செல் தான் தைரொயிட்ல இருந்து வந்தது எண்ட அடையாளத்தையே தொலைச்ச செல். அயடின எடுக்காது, சாதாரண தைரொயிட் செல் விடுற தைரோகுளோபுலின் எண்ட புரதமும் சுரக்காது. அதனால அந்த வைத்தியம் இதுக்குச் சரிவராது. ரத்தப் பரிசோதனை நோமலா வந்ததும் ஒருத்தரும் விட்ட பிழை இல்ல, ரத்தத்துல பாக்கிறது சுரப்பி வேலை செய்யிற அளவ, கட்டிட குணத்த இல்ல. கழலை இரிக்கிற நிறையப் பேருக்கு தைரொயிட்டத் தூண்டுற டி.எஸ்.எச். ஹோர்மோன் அளவு நோமல்தான், கான்சர் வந்தாலும் நோமலா இரிக்கும்.

பழைய கழலை அவ்வளவு காலம் சும்மா கிடந்திட்டு இப்ப எப்பிடி எண்டு நீங்க யோசிப்பீங்க. இந்த வருத்தத்துக்கு அது வழக்கமான கதைதான். வயசு அநேகமா 60க்கு மேல, பொம்புளையள் கொஞ்சம் கூட. முந்தி ஒரு கழலை இருந்திரிக்கும், இல்லாட்டி தெரியாமலே ஒரு பபில்லரி உள்ளுக்க இருந்திரிக்கும், அந்தச் செல்லுல டி.பி.53, டேர்ட் எண்டு சில மரபணு மாற்றங்கள் கூடிக் கூடி ஒரு நாள் கட்டுப்பாடு இல்லாமப் போயிரும். நீங்க எழுதினது எல்லாம் அப்பிடியே இதுட அடையாளம்தான்: மாசக் கணக்கில்ல, கிழமைக் கணக்குல பெருக்கிறது, கல்லு மாதிரி இறுகி விழுங்கக்குள்ள அசையாம நிக்கிறது, கொரல் கம்முறது, அதாவது குரல்நாணுக்குப் போற நரம்ப அது பிடிச்சிரிக்கு, சாப்பாடு இறங்காதது, காதுக்குப் போற நோவு. கழுத்துல நிணக்கட்டி தட்டுப்படலாம். கண்டுபிடிக்கக்குள்ளயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேற இடத்துக்குப் பரவியிரிக்கும், கூட சுவாசப்பை, மறுகா எலும்பு, மூளை.

இதுல ஸ்டேஜ் எண்டு பாத்தா எல்லாமே நாலுதான். ரிப்போட்ல நாலு எண்டு கண்டித்து எல்லாம் முடிஞ்சி எண்டு நினைச்சிராதீங்க, மத்தக் கான்சர்ல நாலு எண்டா அநேகமா பரவியிரிக்கு எண்டு அர்த்தம், இதுல தைரொயிட்டுக்குள்ளயே நிண்டாலும் 4 ஏ, கழுத்துக்குள்ள வெளிய வந்தா, இல்லாட்டி நிணக்கட்டிக்குப் போனா 4 பி, தூரப் பரவினா 4 சி. அம்மாக்கு எதெண்டு சி.டி.யும் மத்த ஸ்கானும்தான் சொல்லும். சி.டி.க்கு மருந்து ஏத்தி எடுப்பாங்க, அதுல அயடின் இரிக்கு பொறகு அயடின் வைத்தியம் பழுதாப் போகும் எண்டு யாராவது சொன்னா அதுக்காகப் பிற்போட வேணாம், இந்த வருத்தத்துல அந்தக் கவலையே இல்ல.

வைத்தியம் எண்டு பாத்தா, முழுசா வெட்டி எடுக்க ஏலுமெண்டா மட்டும்தான் ஓப்பரேசன். பாதியச் சுரண்டி எடுக்கிறதுல பிரயோசனம் இல்ல, காயம் ஆறுற கிழமைகள்தான் வீணாப் போகும். அதோட கழுத்துக்கு ரேடியேசன், கிழமைக்கு 5 நாள் வீதம் 6 கிழமை மட்டும், சில ஆக்களுக்கு அதோட சேத்து பக்லிடக்செல், டொக்சோரூபிசின் மாதிரி கீமோ. உடம்பு தாங்காட்டி குறுகின நாள் ரேடியேசன், அது கட்டியச் சுருக்கி விழுங்கிறதையும் மூச்சையும் லேசாக்க. இனி முக்கியமானது, பயொப்சித் துண்டுல பி.ராஃப் வி600ஈ எண்ட மரபணு மாற்றம் இரிக்கா எண்டு பாக்கச் சொல்லி இப்பவே கேளுங்க. நூத்துக்கு 40 பேர் மட்டில அது இரிக்கும். இருந்தா டப்ராஃபெனிப், ட்ரமெட்டினிப் எண்டு ரெண்டு குளிசை, 2018 மே மாசம் அமெரிக்காவுல இந்த வருத்தத்துக்கெண்டு அனுமதி குடுத்தாங்க. 36 பேருக்குக் குடுத்துப் பாத்த ஆய்வுல பாதிக்கு மேல ஆக்களுக்குக் கட்டி நல்லாச் சுருங்கியிரிக்கு. சில ஆக்களுக்கு முதல் வெட்ட ஏலாத கட்டி பொறகு வெட்டக்கூடியதா வந்திரிக்கு. விலை கூடின மருந்து, காய்ச்சல் குளிர் அடிக்கடி வரும், எல்லாருக்கும் கிடைக்கிற சாமானும் இல்ல. எண்டாலும் டெஸ்ட் செய்யாம அந்தக் கதவு தானாத் திறக்காது.

இப்ப கஷ்டமான விசயம். பழைய கணக்குப்படி இது வந்தாக்கள்ள பாதிப் பேர் 5 மாசத்துக்குள்ள போயிருவாங்க, ஒரு வருசம் தாண்டுறது நூத்துக்கு 20 பேர் மட்டில. பி.ராஃப் மாற்றம் இருந்து அந்தக் குளிசை எடுத்தாக்கள்ள பாதிப் பேர் ஒரு வருசத்துக்கு மேல இருந்திரிக்காங்க. உங்கட அம்மா எந்தப் பக்கம் எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. ஆனா சுணங்கினா எந்தப் பக்கம் எண்டது எனக்குத் தெரியும். அதனால எல்லாத்தையும் ஒரே நேரத்துல செய்யணும், ஒண்டு முடிஞ்சித்து மத்தது எண்டு நிக்க ஏலாது. பயொப்சி, சி.டி., குரல்நாண் பாக்கிற கமரா, கான்சர் டொக்டர்ட திகதி, நாலையும் ஒரே கிழமைக்குள்ள.

திருக்கோவில் மச்சான்

தங்கச்சி பயப்படாதீங்க. என்ட மாமிக்கும் இதே மாதிரி கழுத்து ஒரு மாசத்துல பெருத்திச்சி, ஊசி குத்தின ரிப்போட்ல முதல் மோசமா ஒண்டு எழுதித்தாங்க, வீட்டுல ஒப்பாரியே வச்சிட்டம். மறுகா பெரிய துண்டு எடுத்துப் பாத்தா லிம்போமா, நிணச் செல்லுல வாற வேற கான்சர். கீமோ ஏத்தின ரெண்டாம் தரமே கழுத்து வத்திப் போச்சி, கண்ணுக்கு முன்னால. இப்ப 6 வருசம், மாமி திருக்கோவில்ல ஆடி அமாவாசைக்கு நடந்தே போய் வாறா. ரிப்போட் எல்லாம் பிழைக்கும், அத நம்பி மனச விட்டுராதீங்க.

காதுமூக்குத்தொண்டைத் தம்பி, மட்டக்களப்பு

அண்ணன் சொன்னது நடக்கிற விசயம்தான். தைரொயிட்ல வாற லிம்போமாவும் இதே மாதிரி கிழமைக் கணக்குல பெருக்கும், வெளிய இருந்து பாத்தா வித்தியாசம் பிடிக்கிறது கஷ்டம், அதுக்கு வைத்தியம் முழுக்க வேற, நல்லாவும் கேக்கும். ஊசியில வாறது கொஞ்சச் செல்தான், அனாபிளாஸ்டிக் கட்டிக்குள்ள செத்த செல் நிறைய இருக்கிறதால சில நேரம் ஒண்டும் தெரியாமலும் வரும். அதனாலதான் தடிச்ச ஊசியால துண்டு எடுக்கிற கோர் பயொப்சி கட்டாயம் வேணும் எண்டு சேர்ஜன் சொல்லியிரிக்காரு. ஆனா அக்கா, லிம்போமாவா இருக்கட்டும் எண்டு நானும் ஆசைப்படுறன், அப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைச்சி ஒரு நாளும் பிந்திராதீங்க. ரெண்டுல எதா இருந்தாலும் அவசரம் ஒண்டுதான்.

சாய்ந்தமருது மகன்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். ராத்தா, நான் எழுதுறதா வேணாமா எண்டு ரெண்டு நாள் யோசிச்சன். என்ட வாப்பாக்கு இதே வருத்தம். நாலு வருசத்துக்கு முன்னால மௌத்தானாரு, 71 வயசு, நெல்லு வாங்கி விக்கிற யாவாரம்.

எங்களுக்குப் போனது 7 கிழமை. முதல் காட்டின இடத்துல கிளினிக் திகதி ஒண்டரை மாசத்துக்குப் பின்னால போட்டுத் தந்தாங்க, நாங்களும் திகதி வரட்டும் எண்டு இருந்தம், அந்த இடைக்குள்ள ஒரு நாட்டு வைத்தியர்ட எண்ணெய், கசாயம், ஓதின தண்ணி. ஓதிப் பாக்கிறத நான் பிழை சொல்லல்ல, துஆ இன்னைக்கும் கேக்கிறன், ஆனா துஆக் கேட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் போயிரிக்கணும். அந்தத் திகதிக்கு ரெண்டு நாள் முந்தி ராவு ஒரு மணிக்கு மூச்சு அடைச்சி, தெரு முழுக்க எழும்பி நிக்க ஓட்டோவுல தூக்கிப் போட்டுக் கொண்டு போனம். வார்ட்ல வச்சி அவசரமா கழுத்துல ஓட்டை போட்டு டியூப் வச்சாங்க. அந்த ட்ரக்கியோஸ்டமி உயிரக் காப்பாத்தினது உண்மை, ஆனா ஒருத்தரும் முந்தியே அதப்பத்தி எங்களோட கதைக்கல்ல, அவரிட்டயும் கேக்கல்ல. கண் முழிச்சா கொரல் இல்ல. அவருக்கு விளங்கவே இல்ல என்ன நடந்ததெண்டு.

அதால சொல்றன், மூச்சு முட்டினா டியூப் வைக்கிறதா, வேணாமா, வச்சா எவ்வளவு காலம், வீட்டுல சளி உறிஞ்ச யார் இருக்கிறது, இதெல்லாம் அம்மாக்கு வாய் பேச ஏலுமா இருக்கக்குள்ளயே டொக்டரோட இருந்து கதைச்சி முடிவெடுங்க. நாங்க உம்மா, நான், தங்கச்சி மூண்டு பேரும் மெசின் பிடிக்கப் பழகினம், உள் டியூப்பக் கழுவப் பழகினம், முதல் ரெண்டு நாள் கை நடுங்கும், பொறகு பழகிரும். ஆனா உங்க அம்மாக்கு இப்ப மூச்சு நல்லா இருந்தா, முன்கூட்டியே போட்டு வைக்கிற சாமான் இல்ல அது, அப்பிடித்தான் எங்கட டொக்டரும் பொறகு சொன்னாரு.

மகரகமை கான்சர் ஆஸ்பத்திரிக்கு நாலு தரம் போனம். மட்டக்களப்புல இருந்து ரயில்ல ஏறினா ராவு முழுக்க இருக்கணும், வாப்பாக்கு அது ஏலாது, வான் பிடிச்சம், நடுவுல நிப்பாட்டி நிப்பாட்டித்தான் போன. மருந்துக்குக் காசு இல்ல, ஆஸ்பத்திரி இலவசம்தான், ஆனா வானுக்கும், லொட்ஜுக்கும், வெளிய குடுத்துச் செய்த டெஸ்டுக்கும் வயல் ஒண்ட ஈடு வச்சம். அதனால போக முந்தி இங்க மட்டக்களப்புக் கான்சர் பிரிவுலயே என்னென்ன செய்ய ஏலும், எதுக்கு மட்டும் வெளிய போகணும் எண்டு வாய் விட்டுக் கேளுங்க. நாங்க கேக்கல்ல.

ரேடியேசன் பாதியில நிப்பாட்டித்தாங்க, சுவாசப்பைக்குப் போயிட்டு எண்டு. அதுக்குப் பொறகு நோவுக்கு மோர்பீன். உம்மா பயந்தா, பழகிப் போயிரும், குடிகாரன் மாதிரி ஆயிருவார் எண்டு. அப்பிடி ஒண்டும் இல்ல. நோவு அடங்கின பொறகுதான் வாப்பா திரும்பி எங்கட வாப்பாவா வந்தாரு. ஒரு கொப்பி வாங்கிக் குடுத்தன், அதுல எழுதித்தான் கதைச்சாரு. நாங்க அவரிட்ட கடைசி மட்டும் கான்சர் எண்டு சொல்லல்ல. அவரா ஒரு நாள் கொப்பியில எழுதினாரு, எனக்குத் தெரியும், நீங்கதான் தெரியாத மாதிரி இருக்கிறீங்க எண்டு. அடுத்த பக்கத்துல யார் யாருக்கு எவ்வளவு குடுக்கணும், யாரிட்ட இருந்து வரணும், எந்தக் கடன மாப்புக் கேக்கணும் எண்டு வரிசையா. அந்த வேலைய அவர் ரெண்டு மாசத்துக்கு முந்தியே ஆறுதலா இருந்து செய்திரிக்கலாம், கொரலோட செய்திரிக்கலாம். அந்தக் கொப்பி இன்னும் என்ட அலுமாரியில இரிக்கி.

ராத்தா, உங்கட தம்பிட்ட இத வாசிக்கக் குடுங்க.

வாவிக்கரை, களுவாஞ்சிகுடி

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்றதெண்டு தெரியல்ல. சாய்ந்தமருதுத் தம்பி, நீங்க எழுதினத தம்பிக்கு வாசிச்சிக் காட்டினன், அவன் எழும்பி வளவுக்குள்ள போய் நிண்டுத்து அரை மணித்தியாலத்தால வந்தான். எண்ணெய்க் கதை முடிஞ்சிது, அப்பாவே அந்தாளுக்குப் போன் பண்ணி வரவேணாம் எண்டு சொன்னாரு.

கல்லடி அன்ரி சொன்ன மாதிரி ராவு காது குடுத்துக் கேட்டன். விசில் மாதிரி பெரிசா இல்ல, ஆனா மல்லாக்காப் படுத்தா ஒரு இழுப்பு இரிக்கு. காலையில சேர்ஜனுக்குப் போன் பண்ணிச் சொன்னன், அவர் திங்கக்கிழமை மட்டும் நிக்க வேணாம், இண்டைக்கே வார்ட்ல வந்து படுங்க எண்டுத்தாரு. இப்ப வார்ட்ல இருந்துதான் எழுதுறன். மூக்கால கமரா விட்டுப் பாத்தாங்க, இடது பக்கக் குரல்நாண் அசையல்லையாம். நாளைக்குத் தடிச்ச ஊசி பயொப்சி.

இன்னொரு கேள்வி, இது எங்களுக்கும் வருமா? எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ளையள். பக்கத்துக் கட்டில் ஆக்கள் அம்மா குடிச்ச கோப்பையக் கண்டா ஒதுங்கிறாங்க, இது தொத்துமா? அம்மாட்ட எப்பிடிச் சொல்றது?

காதுமூக்குத்தொண்டைத் தம்பி, மட்டக்களப்பு

தொத்தாது. ஒரே கோப்பையில குடிக்கலாம், ஒரே பாயில படுக்கலாம். புள்ளையளுக்குப் பரம்பரையா வாறது மெடுலரி எண்ட வேற வகை, அதுலயும் எல்லாம் இல்ல, நாலுல ஒரு பங்கு மட்டில. அனாபிளாஸ்டிக் பரம்பரையா இறங்கிற வருத்தம் இல்ல. ஆனா கழலை இரிக்கிற யாரா இருந்தாலும், எங்கட வீட்டுல கழலை எல்லாருக்கும் இருக்கிறதுதானே எண்டு விடாம ஒருக்கா ஸ்கான் எடுத்து வச்சிருக்கிறது நல்லம். திடீரெண்டு பெருத்தா, கொரல் மாறி மூண்டு கிழமைக்கு மேல போனா உடனே காட்டணும். திடீர்ப் பெருப்பு எல்லாம் கான்சரும் இல்ல, கழலைக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் ஒரே நாள்ல நோவோட வீங்கும். அதையும் பாத்தாத்தான் தெரியும்.

வார்ட்ல சேத்தது சரியான வேலை.

அக்கரைப்பற்று தாய்

இடையில பூந்து கேக்கிறன், மன்னிச்சிக்கங்க. என்ட தங்கச்சிக்குப் போன வருசம் பபில்லரி எண்டு கழட்டி எடுத்து அயடினும் குடுத்தாச்சி. இத வாசிச்சித்து எனக்கு நித்திரை இல்ல. அவக்கும் இது மாதிரி மாறுமா?

காதுமூக்குத்தொண்டைத் தம்பி, மட்டக்களப்பு

அக்கா, பபில்லரி வந்தாக்கள்ள மிக மிகக் கொஞ்சப் பேருக்குத்தான் அப்பிடி மாறும், கூடுதலா வயசானாக்கள், வைத்தியம் செய்யாமக் கிடந்த கட்டி. தங்கச்சிக்கு எடுத்தாச்சி, அயடினும் குடுத்தாச்சி. கிளினிக்குக்குத் தவறாமப் போய் தைரொக்சின் குளிசைய வெறும் வயித்துல ஒழுங்காக் குடிச்சா போதும். நிம்மதியா நித்திரை கொள்ளுங்க.

கல்லடி மிஸ்ஸி

மகள், அம்மாட்ட எப்பிடிச் சொல்றதெண்டு கேட்டீங்க. கான்சர் எண்ட சொல்லக் கொண்டு போய் முன்னால வைக்காதீங்க. பக்கத்துல இருந்து, அம்மா இது என்னெண்டு நீங்க நினைக்கிறீங்க எண்டு முதல்ல கேளுங்க. நான் வார்ட்ல கண்டது, பாதிப் பேருக்கு ஏற்கனவே தெரியும், புள்ளையள் அழும் எண்டுதான் வாய் திறக்க மாட்டாங்க. அவ எவ்வளவு கேக்கிறாவோ அவ்வளவு சொல்லுங்க, கேக்காதத திணிக்காதீங்க, கேட்டதுக்குப் பொய் சொல்லாதீங்க. தம்பியையும் கூட வச்சிக்கொண்டு சொல்லுங்க, இல்லாட்டி பொறகு அவன் ஒரு கதை, நீங்க ஒரு கதை எண்டு அவ நடுவுல தவிப்பா.

நோவு தணிக்கிற டீம் இருந்தா இப்பவே சேத்துக்கச் சொல்லுங்க. அது கடைசி நாளைக்கு மட்டும் உள்ள வைத்தியம் எண்டு நிறையப் பேர் பிழையா நினைக்கிறாங்க. ரேடியேசன் நடக்கக்குள்ள தொண்டை புண்ணாகும், விழுங்க ஏலாது, அப்ப மூக்கால டியூப் விட்டோ வயித்துல நேராப் போட்டோ சாப்பாடு குடுக்கணும், அதுக்கும் இவங்க உதவிதான் வேணும்.

வாவிக்கரை, களுவாஞ்சிகுடி

ரெண்டு கிழமைக்குப் பொறகு எழுதுறன். இடைக்குள்ள எழுத நேரமும் இல்ல, மனசும் இல்ல.

பயொப்சி வந்திச்சி. லிம்போமா இல்ல. திருக்கோவில் அண்ணன், நீங்க சொன்னத நினைச்சிக்கொண்டேதான் அந்த ரிப்போட்டத் திறந்தன். அனாபிளாஸ்டிக் எண்டு உறுதியாச் சொல்லித்தாங்க. சி.டி.யில கழுத்துக்கு வெளிய, மூச்சுக்குழாய் பக்கம் வரைக்கும் வந்திரிக்கு, நிணக்கட்டி ரெண்டு, சுவாசப்பை இப்போதைக்குச் சுத்தம். 4 பி எண்டு எழுதியிரிக்கு. இப்ப வெட்ட ஏலாதாம். பி.ராஃப் டெஸ்டுக்குத் துண்டு அனுப்பியிரிக்கு, நான் கேட்டபொறகுதான் அனுப்பினாங்க, தம்பி டொக்டர், அதுக்கு உங்களுக்குக் கோடி புண்ணியம். அது வரும் வரைக்கும் நிக்காம ரேடியேசனத் தொடங்கிறம் எண்டு கான்சர் டொக்டர் சொன்னாரு.

அம்மாட்ட சொன்னம். கல்லடி அன்ரி சொன்ன மாதிரி முதல்ல கேட்டன், நீங்க என்ன நினைக்கிறீங்க எண்டு. அவ அந்தக் கம்மின கொரல்ல, கழலைக்குள்ள இருந்தது முழிச்சிட்டு எண்டு சொன்னா. வேறொண்டும் கேக்கல்ல. கொஞ்ச நேரத்தால மூச்சு அடைச்சா டியூப் போடட்டுமா எண்டு டொக்டர் கேட்டதுக்கு, ரேடியேசன் முடியிற வரைக்கும் போடுங்க, அதுக்குப் பொறகும் கட்டி வத்தாட்டி என்ன வீட்டுக்குக் கொண்டு போங்க, வாவிப்பக்கத்துத் திண்ணையில இருக்கணும் எண்டுத்தா. தம்பி அதக் கையெழுத்தா எழுதி ஃபைல்ல வச்சிரிக்கான். அப்பா அண்டைக்குத்தான் முதல் முதல் எங்களுக்கு முன்னால அழுதாரு.

நாளைக்கு காலம்பற ரேடியேசனுக்கு முகத்துக்கும் கழுத்துக்கும் மாஸ்க் அளவெடுக்க வரச் சொல்லியிரிக்கு. என்ன கொண்டு போகணும், என்ன செய்து வைக்கணும் எண்டு போயிப் பழகினாக்கள் சொல்லுங்க.

சாய்ந்தமருது மகன்

ராத்தா, முன்னால பட்டன் வச்ச சட்டை போட்டுக் கூட்டித்துப் போங்க, தலையால கழட்டுற சட்டை வேணாம். அந்த மாஸ்க் சுடுதண்ணியில நனைச்ச வலை மாதிரி, சூடா முகத்துல வச்சி அமத்துவாங்க, கொஞ்ச நிமிசத்துல இறுகிரும், மூச்சு விட ஓட்டை இரிக்கி. முன்கூட்டியே சொல்லி வச்சா பயப்பட மாட்டா, வாப்பாட்ட நாங்க சொல்லாமப் போய் அவர் கையத் தட்டி விட்டுட்டாரு. மல்லாக்காப் படுக்க இழுப்பு இரிக்கி எண்டு அங்க நிக்கிறாக்களிட்ட முதல்லயே சொல்லுங்க. வானுக்கு ஆள் வேணுமெண்டா எழுதுங்க, எங்கட மச்சான் ஓடுறவர், டீசல் காசு மட்டும் குடுத்தாப் போதும்.

கல்லடி மிஸ்ஸி

தாலிக்கொடியக் கழட்டச் சொல்லுவாங்க மகள், கழுத்துல ஒண்டும் கிடக்கக் கூடாது. ரேடியேசன் நடக்கிற அவ்வளவு நாளும் கழுத்துத் தோல் சிவந்து எரியும், அதுக்குப் பொறகும் கொஞ்ச நாள் போட ஏலாது. அங்க வச்சி முன்பின் தெரியாதாக்கள் சொல்லி அவ கேக்க வேணாம். இண்டைக்கு ராவைக்கே அப்பாட கையாலயே கழட்டச் சொல்லுங்க. தாலிய மட்டும் மஞ்சள் நூல்ல கோத்து கையில கட்டிக்கொள்ளலாம், வார்ட்ல நிறையப் பேர் அப்பிடிக் கட்டியிருந்தத நான் கண்டிரிக்கன், ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க.